ஏழாம் எண் இல்லத்து மேஜையை வெளியே கொண்டுவரும் வழிகள்

1

இந்தக் கதை என் இடுப்பில் தொடங்கியது. சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. கதை மனத்தின் ஆழத்திலிருந்து வந்தது என்று சொன்னால்தான் நாலு பேர் மதிப்பார்கள். என்ன செய்ய, உட்கார்ந்து எழுதி எழுதித் தொப்பை போட்டுவிட்டது. இருந்த ஒரே நல்ல பேண்டை இடுப்பில் கொஞ்சம் விடச் சொல்லி ஒரு தையல்கடைக்குப் போனேன்.

தையல்காரர் இஞ்ச் டேப்பை என் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "சார் என்ன வேலை பார்க்கிறீங்க?" என்றார்.

"கதை எழுதுறேன்."

"அதான்," என்றார்.

அந்த 'அதான்' எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இஞ்ச் டேப்புக்குள் மாட்டிக்கொண்டவன் கோபித்துக்கொண்டு எங்கே போக முடியும்?

"நான் ஒண்ணு சொல்றேன், எழுதுறீங்களா? என் வீட்டம்மா அமைச்சரா இருந்தாங்க. அமைச்சருக்குக் குடுக்கிற வீட்ல நாங்க குடியிருந்தோம். அங்க என் மேஜை மாட்டிக்கிச்சு."

வம்பளக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் சொல்லி முடிக்கையில் (முடிக்கவில்லை, அதைப் பற்றிப் பிறகு) எனக்குச் சந்தேகம் போய் வயிற்றெரிச்சல் வந்துவிட்டது. இப்படி ஒரு கதை எனக்கு வாய்க்காமல் இவருக்கு வாய்த்திருக்கிறதே என்று.

"எழுதுறேன்," என்றேன்.

"ஒரே ஒரு கண்டிஷன். கதையிலயாவது அந்த மேஜையை வெளிய கொண்டு வந்துருங்க."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பதில் என்ன இருக்கிறது, அமைச்சர்களே கொடுக்கிறார்கள்.

2

முதல் தொடக்கம்: "தலைநகரின் நடுவே, மரநிழல் கவிந்த அகன்ற வீதியில், அமைச்சர்களின் இல்லங்கள் அதிகாரத்தின் மௌன சாட்சிகளாக—"

மௌன சாட்சி என்று எழுதிய கையை உடைக்க வேண்டும். அந்த வீதியில் எதுவும் மௌனமாக இல்லை. கேட் கிறீச்சிடுகிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார், காவலர் கூண்டுக்குள் வயர்லெஸ் கொரகொரக்கிறது, மனு கொடுக்க வந்தவர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துவிட்டுச் சண்டை போடுகிறார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "அதிகாரம் என்பது என்ன? ஒரு நாற்காலியா? ஒரு வீடா? அல்லது ஒரு—" இது கட்டுரை. தூங்கிவிடுவீர்கள்.

மூன்றாவது தொடக்கம்: "அந்த வீதியில் வாசல் பெயர்ப்பலகைகளைத் திருகாணி போட்டு இறுக்குவதில்லை. கொக்கியில்தான் மாட்டுகிறார்கள்."

இது நிற்கும். இதிலிருந்தே போகலாம். கழற்ற வருகிற ஆளுக்கு ஏணிகூடத் தேவையில்லை, கையெட்டும் உயரம். பழைய பெயரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புதுப் பெயரை மாட்டிவிட்டுப் போய்விடுவார்.

அந்த வீதிக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. முந்தின அமைச்சர் தான் செய்த காரியத்தால் பதவி இழந்தார் என்று யாருமே நம்புவதில்லை. வாசல் சரியில்லை, அதனால் போய்விட்டது என்று நம்புகிறார்கள். புதிதாக வருகிறவர் ஓர் ஆலோசகரை அழைத்து வருவார். அவர் வீட்டைச் சுற்றி நடந்து, உதட்டைப் பிதுக்கி, ஒரு வாசலை அடைக்கச் சொல்லி இன்னொன்றைத் திறக்கச் சொல்வார். அப்புறம் திரைச்சீலைகள். தோற்றவர் வீட்டுத் திரைக்குப் பின்னால் ஜெயித்தவர் தூங்கமாட்டார். எல்லாச் சன்னலுக்கும் புதுத்துணி.

[வாசல், திரை இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியன் காரணமில்லாமல் சொல்லமாட்டான். இந்த ஆசிரியன் சில சமயம் சொல்வான், ஆனால் இது அப்படியல்ல.]

3

ஏழாம் எண் இல்லத்துக்குள் குடிபோன அன்று தையல்காரர் கையில் கத்தரி இருந்தது. மற்றதையெல்லாம் லாரியில் ஏற்ற விட்டவர், கத்தரியை மட்டும் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

மேஜையும் வந்தது. வீட்டம்மா வேண்டாம் என்றுதான் சொன்னாள். "அந்த வீட்ல இல்லாத மேஜையா?" என்றாள். உண்மைதான். ஆனால் அது வெறும் மேஜையில்லை, கட்டிங் மேஜை. நின்றுகொண்டு துணி வெட்டுவதற்கென்று இடுப்புயரத்துக்குச் செய்தது. இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். படுத்தும் இருக்கிறார்கள். கல்யாணமான புதிதில் கடையிலேயே குடித்தனம். பகலில் அதில் துணி, இரவில் அதிலேயே படுக்கை. பின்னால் அவள் மேடையேறிப் பேச ஆரம்பித்தபோது, முதல் பேச்சை அந்த மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டேதான் எழுதினாள். அவர் எதிர் ஓரத்தில் காலர் வெட்டிக்கொண்டிருந்தார்.

(இதைச் சொல்லும்போது தையல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் தொடையை அளந்தார்.)

மேஜை முன்வாசல் வழியாக நுழையவில்லை. பக்கவாட்டில் பழைய இரட்டைக் கதவு ஒன்று இருந்தது. அதன் வழியாகத்தான், இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் இரண்டு சுமையாட்களுமாக, ஒருக்களித்து உள்ளே தள்ளினார்கள். தள்ளியபின் டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் மேஜையின் பக்கவாட்டுப் பலகையில் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண், ஈரம்கூடக் காயாமல்.

பக்கத்தில் பொதுப்பணித் துறை ஆள் ஒருவர் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார். அரசாங்கச் சாமான்களுக்கு எண் போடுவது அவர் வேலை. ஆளை எல்லோரும் 'நம்பர்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆடாமல் அசையாமல் இருக்கிற எதுவும் அவர் கையில் தப்பாது.

"அண்ணே, இது எங்க சொந்த மேஜை," என்றார் தையல்காரர்.

"உள்ள இருந்துச்சே."

"இப்பதான் உள்ள கொண்டு வந்தோம்."

"உள்ள இருக்கிறதுக்கெல்லாம் நம்பர் போடணும். அதான் ஆர்டர்."

"சரி, தப்பாப் போட்டுட்டீங்க. அழிச்சிருங்க."

நம்பர்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "போடுறதுதான் சார் என் வேலை. அழிக்கிறது வேற பிரிவு."

தையல்காரர் வீட்டம்மாவிடம் போய்ச் சொன்னார். அவளைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். "விடுங்க. நாம இங்கதானே இருக்கப் போறோம்," என்றாள்.

மறுநாள் ஆலோசகர் வந்தார். வீட்டைச் சுற்றினார், உதட்டைப் பிதுக்கினார். பக்கவாட்டு இரட்டைக் கதவுதான் முந்தின அமைச்சரைக் கவிழ்த்தது என்றார். அதைச் செங்கல் வைத்து அடைத்தார்கள்.

4

இந்த இடத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வீட்டம்மாவை வில்லியாக எழுதினேன். உதட்டுச்சாயம், கறுப்புக் கண்ணாடி, புருஷனைப் பார்த்து "உள்ளே போங்க" என்று விரல் நீட்டுவது, எல்லாம் வைத்தேன். சுகமாக வந்தது. வில்லியை எழுதுவது வழுக்குப்பாறை, உட்கார்ந்தால் போதும், கீழே கொண்டுபோய் விட்டுவிடும்.

பேண்ட் என்ன ஆயிற்று என்று கேட்கப் போன சாக்கில் அதைத் தையல்காரருக்குப் படித்துக் காட்டினேன். கையிலிருந்த சட்டையில் பொத்தானுக்குக் காஜா போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க வீட்ல கறுப்புக் கண்ணாடியே கிடையாது," என்றார்.

"அது ஒரு இதுக்கு."

"எதுக்கு? அவ நல்லவ சார். ராத்திரி பகல்னு பாக்காம ஓடினவ. நாலு ஊருக்குத் தண்ணி கொண்டு வந்தவ. என்ன, என்னைப் பத்தி எங்கயும் சொல்லமாட்டா. அதுவும் அவளாச் செஞ்சதில்ல."

எப்படி என்று கேட்டேன். சொன்னார். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வில்லியைக் கிழித்துப்போட்டேன்.

நடந்தது இதுதான். பதவியேற்றதும் அமைச்சர்களைப் பற்றி ஒரு கையேடு அச்சடித்தார்கள். உதவியாளர் வந்து கணவர் தொழில் என்ன என்று கேட்டார். "டெய்லர்," என்றாள். அவர் பேனாவை நிறுத்தினார். "மேடம், அது கொஞ்சம்... எதிர்க்கட்சிக்காரங்க சும்மா இருக்கமாட்டாங்க. அமைச்சரையே அளவெடுத்துத் தைச்சவர்னு கார்ட்டூன் போடுவாங்க. 'ஆடைத் துறைத் தொழிலதிபர்'னு போடுவோமா?" அவளுக்கு அன்று காலையிலிருந்து மூன்றாவது கூட்டம். "ஏதோ போடுங்க," என்றாள்.

அவ்வளவுதான். ஆடைத் துறைத் தொழிலதிபர் எங்கேயாவது அடுத்தவன் பேண்டுக்கு ஓரம் அடிப்பாரா? கடையைப் பூட்டினார்கள்.

அந்தப் பெரிய வீட்டில் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. வருகிறவர்கள் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அம்மா இருக்காங்களா?" என்பார்கள். அமைச்சரின் வீட்டுக்காரர் என்று பெயர். வீடு என்னவோ அவருடையதில்லை. எல்லோரும் மேடம் மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்ததில், ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அவரே, "மேடம், அந்த உப்பை இப்படித் தள்ளுங்க," என்று சொல்லிவிட்டார். அவள் தள்ளினாள். இரண்டு பேருமே கவனிக்கவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவருக்கு நிம்மதி கிடைத்த இடம் மேஜை கிடந்த பக்கவாட்டு அறை ஒன்றுதான். மத்தியானத்தில், வீடு ஓய்ந்திருக்கும்போது, கேட் காவலர்கள் தொளதொளவென்ற காக்கிப் பேண்டோடு ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். இறுக்கித் தைத்துக் கொடுப்பார். அந்த வீதியிலேயே ஏழாம் எண் இல்லத்துக் காவலர்கள்தான் பார்க்க லட்சணமாக இருந்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

5

பதவி போனது.

(இங்கே மூன்று பக்கம் அரசியல் எழுதி வைத்திருந்தேன். யார் யாரைக் கவிழ்த்தார், ஏன் கவிழ்த்தார் என்று. எடுத்துவிட்டேன். உங்கள் ஊர் அரசியலையே போட்டுக்கொள்ளுங்கள், பொருந்தும்.)

தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே போன் அடிப்பது நின்றது. சாயங்காலம் ஓர் ஆள் வந்து கொக்கியிலிருந்து பெயர்ப்பலகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். வீட்டம்மா மாடிச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு வணக்கமாவது சொல்லிட்டுப் போகலாம்," என்றாள்.

காலி செய்ய வேண்டிய நாள் வந்தது. கேட்டுக்கு வெளியே பத்திரிகைக்காரர்கள், கேமராவோடு. அதற்குக் காரணமும் உண்டு. அதே வீதியில் முன்பு ஒருவர் காலி செய்தபோது குளியலறைக் குழாய்களைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார் என்று பெரிய செய்தி. அதிலிருந்து ஒவ்வொரு லாரியையும் படம் எடுக்கிறார்கள். வெள்ளை எண் போட்ட ஒரு முக்காலி வெளியே வந்தால் போதும், முதல் பக்கம்.

தையல்காரர் பக்கவாட்டு அறையில் மேஜைமேல் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, லாரி கிளம்பணும்," என்றாள்.

"இது?"

"நம்பர் போட்டிருக்கே."

"இது யாரோடதுன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். வெளிய நிக்கிறவங்களுக்கு?"

"நீ சொல்லேன். வாசல்ல போய் ஒரு வார்த்தை சொல்லு. என் வீட்டுக்காரர் டெய்லர், இது அவரோட மேஜைன்னு."

அவள் பேசவில்லை. அவையில் எழுந்து நின்றால் உட்காரவே மாட்டாள் என்று பெயர் வாங்கியவள்.

"புத்தகத்துல தொழிலதிபர்னு போட்டிருக்குங்க," என்றாள் கடைசியில். "இப்பப் போய் டெய்லர்னு சொன்னா, இத்தனை வருஷம் பொய் சொன்னாளான்னு கேப்பாங்க. மேஜைக்காகப் பொய் சொல்றான்னும் சொல்வாங்க. என்கிட்ட இப்ப மிச்சம் இருக்கிறது பேர் ஒண்ணுதான். அதையும் இந்த மரக்கட்டைக்காக..."

முடிக்கவில்லை. முடித்திருந்தால் அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. பாதியில் நின்ற சொல் உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

"அது சரி," என்றார். "எப்படியும் வெளிய போகாது. கதவைத்தான் அடைச்சுட்டோமே."

கத்தரியைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினார்.

[இந்தக் கதையில் பணயம் என்ன என்று விமர்சகர்கள் கேட்பார்கள். மேஜை என்று சொல்லிவிட்டு நான் டீ குடிக்கப் போகலாம். ஆனால் உங்களுக்குத் தெரியும், மேஜை இல்லை. ஒரு பெண் நாலு பேர் முன்னால் ஒரே ஒரு வரி சொல்வாளா மாட்டாளா என்பதுதான்.]

6

பழைய கடையைத் திறந்தார். மேஜை இல்லாமல் தரையில் குனிந்து துணி வெட்டினார். முதுகு பிடித்துக்கொண்டது. புது மேஜை வாங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"நீங்க புதுப் பொண்டாட்டி வாங்குவீங்களா?" என்றார். நான் அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

இந்த நேரத்தில், ஏழாம் எண் இல்லத்துக் காவலர் ஒருவர், பேண்ட் நன்றாகப் பொருந்திய ஒருவர், கடைக்கு வந்தார். புது அமைச்சரின் மனைவி திரைச்சீலை தைக்க ஆள் தேடுகிறார் என்றார். வீட்டோடு வந்து, சன்னலுக்குச் சன்னல் அளந்து, அங்கேயே தைக்க வேண்டுமாம்.

"அங்கயேவா?"

"பக்கத்து ரூம்ல ஒரு பெரிய மேஜை கிடக்கு, அதுல வெச்சு வெட்டிக்கலாம்னு சொன்னாங்க. வேற யாருக்கும் நான் சொல்லல சார்."

இதை நான் கற்பனை செய்திருந்தால் "நம்பும்படி இல்லை" என்று அடித்திருப்பேன். தையல்காரர் நடந்ததாகச் சொன்னார், வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் அவர் வீட்டம்மாவிடம், "நடக்கப் போறேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்," என்று சொல்லிவிட்டு, இஞ்ச் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு போனார். முன்னாள் அமைச்சரின் கணவர் என்று அந்த வீட்டில் யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவர் அங்கே குடியிருந்தபோதே யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லையே, இப்போது மட்டும் எப்படிப் பார்ப்பார்கள்?

புது அமைச்சரின் மனைவி கலகலப்பானவர். "டெய்லர் அண்ணே, இந்த மேஜை போதுமா? அரசாங்கத்து மேஜை, கீறல் விழாம பாத்துக்குங்க," என்றார்.

"பாத்துக்கிறேம்மா," என்றார். இத்தனை நாள் கழித்துத் தன் மேஜையில் துணியை விரித்தார். இடுப்பு பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்த ஓரம், இடுப்பில் சரியாக வந்து உட்கார்ந்தது. "சத்தியமாச் சொல்றேன் சார், அழுகை வந்துடுச்சு," என்றார் என்னிடம்.

அந்த வீட்டில் சன்னல்கள் நிறைய. அவர் அவசரப்படவில்லை. தைத்ததைப் பிரித்துத் திரும்பவும் தைத்த நாட்களும் உண்டு.

அப்புறம் புது ஆலோசகர் வந்தார். சுற்றினார். உதட்டைப் பிதுக்கினார். முந்தின அமைச்சரைக் கவிழ்த்ததே அந்தப் பக்கவாட்டு இரட்டைக் கதவை அடைத்ததுதான் என்றார். செங்கல்லை உடைத்துக் கதவைத் திறந்தார்கள். தையல்காரர் துணியில் கோடு போடும் சாக்பீஸ் கையோடு பார்த்துக்கொண்டு நின்றார். மேஜைக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் இப்போது ஒன்றுமே இல்லை, அந்த வெள்ளை எண்ணைத் தவிர.

"அப்பவே தள்ளிட்டு வந்திருக்கலாமே. காவலர்தான் நம்ம ஆளாச்சே," என்றேன்.

"என் மேஜையை நான் எதுக்கு சார் திருடணும்?" என்றார்.

7

புதியவர் பழையவரை வீட்டுக்கு அழைத்து ஒரு டீ கொடுத்து, இரண்டு பேரும் சிரிப்பது போல் படம் எடுத்துக்கொள்வது அந்த வீதியில் உள்ள இன்னொரு சடங்கு. சிரிப்பு வரும்வரை புகைப்படக்காரர் விடமாட்டார்.

வீட்டம்மா போனாள். வீட்டுக்காரர் நடக்கப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

டீ ஆயிற்று. புது அமைச்சரின் மனைவி, "வாங்க, வீட்டை என்ன பண்ணியிருக்கோம்னு காட்டுறேன்," என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். பின்னால் புது அமைச்சர், அவருக்குப் பின்னால் கேமராக்கள். முன்னறை, மாடி, புதுத் திரைகள். கடைசியாகப் பக்கவாட்டு அறை.

அங்கே மேஜை. மேஜைமேல் பச்சைத் துணி. மேஜைக்குப் பின்னால், கழுத்தில் இஞ்ச் டேப்பும் காதில் பென்சிலுமாக, ஆடைத் துறைத் தொழிலதிபர்.

"இவர்தான் எங்க டெய்லர். கை அவ்வளவு சுத்தம்," என்றார் அந்த அம்மா. "இந்த மேஜை உங்க காலத்துலயும் இருந்துச்சாக்கா?"

கேமராக்கள் திரும்பின. வீட்டம்மா மேஜையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

இந்த இடத்தில் தையல்காரர் என் பேண்டை மடித்துத் தட்டில் வைத்துவிட்டு, "வியாழக்கிழமை வாங்க சார்," என்றார்.

"யோவ்," என்றேன். மரியாதை எல்லாம் போய்விட்டது. "அப்புறம் என்ன ஆச்சு?"

"அது நீங்கதானே சொல்லணும். கதை எழுதுறவர்."

8

சரி, எழுதினேன்.

முதல் முடிவு: வீட்டம்மா, "நல்ல மேஜை," என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். அவர் கத்தரியை எடுத்து மறுபடியும் வெட்டத் தொடங்குகிறார். இப்படி முடித்தால் பரிசு கிடைக்கும். இலக்கியப் பத்திரிகைக்காரர்களுக்கு யாராவது வாயை மூடிக்கொண்டு போனால் ரொம்பப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு: அவள் பேசுகிறாள். உழைப்பின் உன்னதம் பற்றி, ஊசி பற்றி, நூல் பற்றி, தேசத்தைத் தைப்பது பற்றி, ஒன்றரைப் பக்கம். பத்திரிகைக்காரர்கள் கண்ணீர் விடுகிறார்கள். நான் வாழ்நாளில் கண்ணீர் விட்ட பத்திரிகைக்காரரைப் பார்த்ததில்லை. இதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவதில் நம்பர்காரர் பிரஷ்ஷோடு ஓடிவந்து, தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்டு—

சேச்சே.

நான்காவதில் மேஜையை இரண்டாக அறுத்து, எண் உள்ள பாதியை அரசாங்கத்துக்கும் எண் இல்லாத பாதியை அவருக்கும் கொடுத்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் புதிதாகக் கல்யாணமான இரண்டு பேர் அந்த மேஜையில் படுத்திருந்தது ஞாபகம் வந்துவிட்டது. ரம்பத்தைக் கீழே போட்டேன்.

கொடுத்த வாக்கு அப்படியே நிற்கிறது. எழுதுகிறவனுக்கு எல்லா அதிகாரமும் உண்டு என்று சொல்கிறார்கள். நான் நினைத்தால் அமைச்சரவையையே கவிழ்க்கலாம், வாசலை அடைக்கலாம், திறக்கலாம். எல்லாம் செய்தேன். ஒரு பொம்பளை வாயிலிருந்து ஒரு வரியை வாங்க முடியவில்லை.

9

வியாழக்கிழமை போனேன். கடைமுன் இருந்த முக்காலியில் ஓர் அம்மாள் உட்கார்ந்து ஒரு பேண்டுக்குக் கை ஊசியால் ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். எங்கேயோ பார்த்த முகம். பழைய செய்தித்தாளில். கறுப்புக் கண்ணாடி இல்லை.

கடைக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு திரை தொங்கியது. அளவெடுப்பதெல்லாம் முன்னால், வெட்டுவதெல்லாம் அந்தத் திரைக்குப் பின்னால். இத்தனை தடவை வந்தும் உள்ளே நான் பார்த்ததில்லை. உள்ளே கத்தரிச் சத்தம் கேட்டது.

"டெய்லர் இருக்காராம்மா?" என்றேன்.

அந்த அம்மாள் நிமிரவில்லை. "என் வீட்டுக்காரர்தான் டெய்லர். உள்ள வேலையா இருக்கார். என்ன வேணும்?"

நான் பேண்ட் என்றேன், கதை என்றேன், உளறினேன்.

"ஓ, அது நீங்கதானா," என்றார். ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "எனக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டவர்."

"எடுத்துட்டேம்மா."

"மேஜை வெளிய வந்துச்சா உங்க கதையில?"

"இன்னும் முடிவு பண்ணல. அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு அவர் சொல்லவே இல்ல."

"வெளிய வந்துடுச்சுன்னு எழுதினீங்கன்னா, நாளைக்கே இங்க கேமராவோட வந்து நிப்பாங்க. அரசாங்கச் சொத்து இங்க எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. வரலன்னு எழுதினீங்கன்னா, இவர் சோறு திங்கமாட்டார்."

"அப்போ நான் என்னதான் எழுதட்டும்?"

நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். "நான் சொன்னதை எழுதுங்க."

"அதைத்தான் கேக்கிறேன். என்ன சொன்னீங்க?"

"இப்ப உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

யோசித்தேன். நான் வந்ததும் அவர் சொன்ன முதல் வரி ஞாபகம் வந்தது.

"அதையேதான் அன்னிக்கும் சொன்னேன்," என்றார். "அத்தனை கேமரா முன்னாடியும். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல."

உள்ளே கத்தரிச் சத்தம் நின்றிருந்தது. பிறகு மறுபடியும் தொடங்கியது.

அந்த அம்மாள் பேண்டைக் கொடுத்தார். இடுப்பில் சரியாக இருந்தது. திரையை நான் விலக்கிப் பார்க்கவில்லை. கை எட்டும் தூரம்தான். பார்த்திருந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டி வரும், சொன்னால் நீங்கள் சும்மா இருக்கமாட்டீர்கள்.

அவ்வளவு ஆசை இருந்தால், நீங்களே ஒரு சட்டைத்துணியை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போங்கள். அளவு கொடுக்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தரையில் வெட்டுகிற சத்தம் வேறு, பலகைமேல் வெட்டுகிற சத்தம் வேறு. எது எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். தெரிந்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.